மொழிகளை ஒப்பிட்ட பெருந்தகை – கால்டுவெல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல், மணவாளக்குறிச்சி)

ஒரு பொருளின் இயல்பை அறிய வேண்டுமானால் அதைப் பிறிதொரு பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது அறிவியல் பயில்வோர் முதன்முதலில் கற்கும் பாடம். தனிமங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டதால்தான் மெண்டலீவ் 1869-ல் தம் தனிம வரிசை அட்டவணையை அமைக்க முடிந்தது. செடி கொடிகளை ஒப்பிட்டதால்தான் லின்னேயஸ் அவற்றை வகைப்படுத்த முடிந்தது. மொழிகளையும் இவ்வாறு ஒப்பிட்டு, இவை ஓரினம், இவை வேறினம் என்று துணிய முடியுமா? முடியும் என்று தென்னிந்திய மொழிகளைக் கொண்டு காட்டியவர் டாக்டர் இராபர்ட் கால்டுவெல். மெண்டலீவின் அட்டவணைக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1856-ல், அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்தது.

கால்டுவெல் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது சென்னைக் கடற்கரையில் நிற்கும் சிலையும், தமிழ்ப் பாடநூலில் வரும் ஒரு பக்கமும் ஆகும். ஆனால் அவர் வாழ்ந்த ஊர் நமக்கு அயலூர். அவர் மணம் செய்தது நம் நாகர்கோவிலில். அவ்வகையில் அவர் நம் மாவட்டத்துக்கு மருமகப்பிள்ளை. அப்பெரியாரின் வாழ்வையும் பணியையும், அவர் தவறிய இடங்களையும் மறைக்காமல், நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமை

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்தில் ஆன்ட்ரிம் கோட்டத்திலுள்ள கிளேடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து மரபினர். செல்வக் குடும்பமன்று. அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவர் கற்க விரும்பியது மொழியன்று, ஓவியம். அதற்காகத் தம் அண்ணன் இருந்த டப்ளின் நகருக்குச் சென்று சில காலம் பயின்றார். பின்னர் மனம் மாறிச் சமயத் தொண்டுக்கே தம்மை ஒப்படைத்தார்.

இலண்டன் மிஷன் சங்கத்தின் உதவியால் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1837-ல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குக் கிரேக்கம் கற்பித்தவர் சர் டேனியல் சான்ட்போர்டு என்னும் பேராசிரியர். மொழிகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கும் புதிய கலை அப்போது ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்தது. அக்கலையில் மாணவனுக்கு ஆர்வம் ஊட்டியவர் அவரே. ஒரு நல்லாசிரியர் வகுப்பறையில் விதைத்த விதை, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு தேரிக்காட்டு ஊரில் முளைத்தது என்றால் அது மிகையன்று.

தமிழகம் நோக்கி

1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் கால்டுவெல் சென்னையில் வந்திறங்கினார். அவர் ஏறிவந்த கப்பலிலேயே தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு செய்த சி. பி. பிரவுனும் பயணம் செய்தார். தென்னாட்டு மொழிகளைப் பற்றிய பேச்சு அவருக்குக் கரை சேரும் முன்னரே தொடங்கிவிட்டது எனலாம்.

சென்னையில் மூன்றாண்டுகள் தங்கித் தமிழ் கற்றார். 1841-ல் இலண்டன் மிஷனை விட்டு, ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த எஸ்.பி.ஜி. என்னும் சங்கத்தில் இணைந்தார். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள இடையன்குடி அவருக்குப் பணித்தலமாக வாய்த்தது. அவ்வூருக்குப் போக அவர் தேர்ந்துகொண்ட வழி வியப்புக்குரியது. கடல்வழியே விரைந்து செல்லாமல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். காவிரிக் கரை ஊர்களையும் தஞ்சையையும் திருச்சியையும் கண்டு, நீலகிரி ஏறி, உதகையில் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாகத் திருநெல்வேலி வந்து சேர்ந்தார். மக்கள் எவ்வாறு பேசுகிறார்கள், ஊருக்கு ஊர் சொல் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காதால் கேட்டறிவதற்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு கிடைக்குமா? அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி சேர்ந்தவர், சற்றொப்ப ஐம்பது ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார்.

நாஞ்சில் நாட்டு மருமகன்

நாகர்கோவிலில் 1819 முதல் இலண்டன் மிஷன் தொண்டராக இருந்தவர் சார்லஸ் மால்ட். அவர் மனைவியார் மார்த்தா அம்மையார் பெண்களுக்குப் பள்ளி வைத்ததோடு, அவர்கள் கையில் ஊசியும் நூலும் கொடுத்து லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். நாகர்கோவில் லேஸ் பின்னாளில் பெயர் பெற்றதற்கு அதுவே தொடக்கம். இவர்களுடைய மகள் எலிசா. 1844-ல் கால்டுவெல் எலிசாவை மணந்தார்.

எலிசா அம்மையார் தமிழ் கேட்டு வளர்ந்தவர். நம் பெண்கள் பேசும் தமிழ் அவருக்கு நாவில் இருந்தது. நூல் வழியாகத் தமிழ் கற்ற கணவருக்கும் பேச்சு வழியாகத் தமிழ் அறிந்த மனைவிக்கும் அமைந்த இல்லறம் அது. இடையன்குடியில் அம்மையார் பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். தாயாரிடம் கற்ற லேஸ் தொழிலை அங்கும் பரப்பினார். கால்டுவெல்லின் நூல்களை நாம் போற்றும்போது இந்த நாகர்கோவில் பெண்மணியை மறப்பது நன்றியன்று.

அன்றைய கொள்கை

கால்டுவெல்லின் அருமையை உணர வேண்டுமானால், அவருக்கு முன்னிருந்த நிலையை அறிய வேண்டும். 1786-ல் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில், சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரு மூலத்திலிருந்து பிறந்தவை என்று அறிவித்தார். அதன் பிறகு இந்திய மொழிகள் எல்லாமே சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்ற எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வடசொற்கள் மிகுதியாக வழங்கியது அதற்கு வாய்ப்பாயிற்று.

இக்கொள்கையை முதலில் மறுத்தவர் சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1816-ல் கேம்பெல் என்பவரின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில், தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதைச் சொற்பட்டியல்களைக் கொண்டு காட்டினார். ஆனால் 1819-ல் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் தொடங்கிய ஆராய்ச்சி பாதியில் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதை விரிவாகவும் முறையாகவும் நிலைநாட்டியவர் கால்டுவெல். முன்னவர் பெயரை மறந்து பின்னவரை மட்டும் புகழ்வது முறையாகாது என்பதால் இதனை இங்கே குறிப்பிட்டேன்.

ஒப்பிலக்கணம்

1854-ல் உடல்நலம் குன்றிய கால்டுவெல் தாயகம் சென்றார். ஓய்வெடுக்கச் சென்றவர் கையோடு கொண்டுபோனது பல்லாண்டுகள் சேர்த்த குறிப்புகளை. 1856-ல் நூல் வெளியாயிற்று. 1875-ல் அதனை மிக விரித்து இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். அப்பதிப்பில் திருந்திய மொழிகள் ஆறு: தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு. திருந்தாத மொழிகள் என்று அவர் கூறியவை ஆறு: தோடா, கோத்தா, கோண்டு, கூ, ஒராவோன், இராஜ்மகால். ஆகப் பன்னிரண்டு மொழிகளை ஒரு குடும்பமாகக் கண்டார். அக்குடும்பத்துக்குத் திராவிடம் என்று பெயர் சூட்டினார். அச்சொல்லைக் குமாரிலபட்டர் போன்ற பழைய வடமொழி ஆசிரியர்களின் வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அவர் கையாண்ட முறை என்ன? நம் ஊர் அருமணல் ஆலையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடற்கரையில் அள்ளும் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒரே மணல். காந்தத்தின் முன் செலுத்தினால் இல்மனைட் இழுக்கப்படுகிறது, சிர்க்கான் விலகி நிற்கிறது. உயர் மின்னழுத்தத்தில் செலுத்தினால் ரூட்டைல் ஒரு பக்கம், சிர்க்கான் மறுபக்கம். எது எதனோடு சேர்ந்தது என்பதைத் தோற்றம் காட்டாது. சோதனைதான் காட்டும்.

கால்டுவெல் மொழிகளில் செய்ததும் இத்தகைய சோதனையே. கடன் வாங்கக்கூடிய சொற்களை முதலில் ஒதுக்கினார். சமயச் சொல், கலைச்சொல், நாகரிகச் சொல் ஆகியவை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எளிதில் போகும். ஆனால் நான், நீ என்னும் இடப்பெயர்களை யாரும் கடன் வாங்குவதில்லை. கண், கை, வாய் என்னும் உறுப்புப் பெயர்களும், எண்ணுப் பெயர்களும், போ, வா என்னும் வினைகளும் மொழியின் எலும்புகள். அவற்றை ஒப்பிட்டால் உறவு புலப்படும். தமிழில் கண், மலையாளத்திலும் கன்னடத்திலும் கண்ணு, தெலுங்கில் கன்னு, சமஸ்கிருதத்திலோ அக்ஷி. தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, கன்னடத்தில் மூறு, தெலுங்கில் மூடு, சமஸ்கிருதத்தில் த்ரி. உறவினர் யார், விருந்தினர் யார் என்பது இங்கே தெளிவாகிறது.

ஒலி மாற்றங்களும் மனம்போன போக்கில் நிகழ்வதில்லை. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு. தமிழில் போ, கன்னடத்தில் ஹோகு. ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் இது காணப்பட்டால் தற்செயல் என்று விட்டுவிடலாம். சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் வந்தால் அது விதி. அதுபோலவே, வல்லெழுத்து சொல்லின் முதலில் வன்மையாகவும் உயிர்களுக்கு இடையே மென்மையாகவும் ஒலிப்பதை அவர் விளக்கினார். கடல் என்பதிலுள்ள ககரமும் பகல் என்பதிலுள்ள ககரமும் நம் வாயில் வேறு வேறாக ஒலிக்கின்றன அல்லவா? நாம் நாள்தோறும் செய்தும் கவனியாத இதனை மொழியறிஞர் கால்டுவெல் விதி என்றே வழங்குகின்றனர்.

இலக்கண அமைப்பிலும் வேற்றுமையைக் காட்டினார். தமிழில் உயர்திணை, அஃறிணை என்னும் பிரிவு பொருளின் பகுத்தறிவைப் பற்றியது. மரத்தை, மரங்களை என ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வேற்றுமை உருபு வருகிறது. முன்னிலையாரையும் சேர்க்கும் நாம் வேறு, சேர்க்காத நாங்கள் வேறு. செய்யேன் என்று வினையிலேயே எதிர்மறை அமைகிறது. வந்த மனிதன் என்னும் பெயரெச்சம் போதும். எவன் வந்தானோ அவன் என்று சுற்றிவளைக்க வேண்டுவதில்லை. இவை சமஸ்கிருதத்தின் இயல்புகள் அல்ல. தமிழ் வடசொற்களின் துணையின்றித் தனித்து இயங்கவும், தழைக்கவும் வல்லது என்னும் அவருடைய முடிவு இத்தகைய சான்றுகளின் மேல் எழுந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழே பிற திராவிட மொழிகள் அனைத்தையும் பெற்ற தாய் என்று அவர் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு மூலமொழி இருந்தது என்றும், அதன் பழைய இயல்புகளைத் தமிழ் மிகுதியாகக் காத்துவைத்திருக்கிறது என்றும்தான் சொன்னார். மலையாளத்தை மட்டும் மிகப் பழங்காலத்தில் தமிழிலிருந்து கிளைத்த மொழியாகக் கொண்டார். மேடைகளில் நாம் கேட்பதற்கும் நூலில் அவர் எழுதியதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. தமிழின் பெருமை இதனால் குறைவதில்லை. மிகைப்படுத்திச் சொல்லும்போதுதான் குறைகிறது.

எபிரேயமும் தமிழும்

கால்டுவெல்லின் மேசைமேல் இருந்த மற்றொரு மொழி எபிரேயம். பழைய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி அது. தமிழ் விவிலியத்தைத் திருத்துவதற்கு அமைக்கப்பட்ட குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஆகவே எபிரேயச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் அருகருகே வைத்து எடைபோடுவது அவருக்கு அன்றாட வேலை ஆயிற்று. தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கும் செமித்திய மொழிகளுக்கும் இடையே காணும் சொல்லொப்புமைகளுக்கென்று ஒரு பகுதியும் அவர் வகுத்தார்.

ஒப்புமை இல்லாமல் இல்லை. நமக்கு அப்பா, எபிரேயருக்கு ஆப். நமக்கு அம்மா, அவர்களுக்கு ஏம். நமக்கு அவா, அவர்களுக்கும் விருப்பம் என்னும் பொருளில் அவ்வா. இவ்வளவு போதும், இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று முழங்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆனால் சோதனையில் செலுத்திப் பார்ப்போம். அப்பாவும் அம்மாவும் குழந்தையின் உதடுகளில் தாமே தோன்றும் ஒலிகள். உலகின் பல மொழிகளில் இவை காணப்படுகின்றன. எஞ்சியவை சில சொற்களே. பாலுக்கு ஹாலு என்பது போன்ற ஒழுங்கான ஒலிவிதி எதுவும் அவற்றிடையே இல்லை.

அமைப்போ முற்றிலும் வேறு. எபிரேயத்தில் ஒரு வேர் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆனது. உயிர்கள் இடையிடையே மாறி மாறிப் புகுந்து பொருளை மாற்றும். காதவ் என்றால் எழுதினான். கோதேவ் என்றால் எழுதுகிறவன். மிக்தாவ் என்றால் கடிதம். மெய்கள் தூண்களாக நிற்க, உயிர்கள் மாறுகின்றன. தமிழில் எழுது என்னும் அடி சிதைவதில்லை. எழுது, எழுதினான், எழுதுகிறவன் என அதன் பின்னே உருபுகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்கின்றன. நாம் பெரிய வீடு என்கிறோம். அவர்கள் வீடு பெரிய என்னும் முறையில் பயித் கதோல் என்கிறார்கள். நாம் வீட்டில் என்று உருபைப் பின்னே வைக்கிறோம். அவர்கள் அதை முன்னே வைக்கிறார்கள். நாம், நாங்கள் என்னும் வேறுபாடு அவர்களிடம் இல்லை. ஆகச் சில சொற்கள் ஒத்திருப்பினும் எலும்புக்கூடு வேறு. தமிழ் எபிரேயத்தின் பிள்ளையுமன்று, எபிரேயம் தமிழின் பிள்ளையுமன்று.

எனினும் உறவு வேறு, பழக்கம் வேறு. அண்டை வீட்டாரோடு பெண் கொடுத்து எடுக்காவிட்டாலும் பண்டம் கொடுத்து வாங்குவது உண்டல்லவா? சாலமோன் அரசனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாகப் பழைய ஏற்பாட்டில் அரசர்களின் வரலாறு கூறுகிறது. அங்கே மயிலைக் குறிக்க வரும் எபிரேயச் சொல் துக்கி. அது நம் தோகைதான் என்று கால்டுவெல் கொண்டார். உலகில் எழுத்தில் பதிந்த திராவிடச் சொற்களில் இதுவே மிகப் பழையது என்பது அவர் கருத்து. அதுபோலவே வாசனைக் கட்டையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லை அகிலோடும், கிரேக்கரின் ஒரிசா என்னும் சொல்லை அரிசியோடும் சேர்த்து எண்ணினார். துக்கி என்னும் சொல்லுக்கு வேறு மூலம் காட்டும் அறிஞரும் உளர். இன்றைய எபிரேயத்தில் அச்சொல் கிளியைக் குறிப்பது ஒரு வேடிக்கை. கடல் கடந்த பறவை பெயர் மாறிப்போயிற்று போலும்!

பொதுவான சொல் கிடைத்தால் அது உறவா, கடனா, தற்செயலா என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கால்டுவெல்லின் நூலை ஒட்டி நாம் கற்கத்தக்க பெரிய பாடம் இதுதான்.

தவறிய இடம்

ஆயினும் கால்டுவெல்லும் ஓரிடத்தில் தம் ஆர்வத்துக்கு அடிமையானார். திராவிட மொழிகளை நடு ஆசியாவின் துருக்கி, மங்கோலிய மொழிகளோடும், பின்னிஷ், ஹங்கேரியன் மொழிகளோடும் இணைத்து, சித்தியம் என்னும் பெருங்குடும்பத்தில் சேர்க்க முயன்றார். அவை தமிழைப் போலவே ஒட்டுநிலை மொழிகள் என்பது உண்மை. ஆனால் அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் இனம் ஒன்றாகிவிடாது. மீனும் திமிங்கிலமும் வடிவில் ஒத்தவை, இனத்தில் வேறு. அவருடைய இக்கொள்கையைப் பின்வந்த அறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. பலுசிஸ்தானத்தில் வழங்கும் பிராகூயியில் திராவிடக் கூறுகள் உள்ளன என்பதைக் கண்டும், அதை அவர் குடும்பத்தில் சேர்க்கத் தயங்கினார். இன்று அது திராவிட மொழியே என்பது முடிந்த முடிபு. அவர் கண்ட பன்னிரண்டு இன்று இருபதைத் தாண்டிவிட்டது. பரோ, எமனோ ஆகிய இருவரும் 1961-ல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி அவர் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த மாளிகை.

ஒரு சிறு நூலும் பெரிய காயமும்

கால்டுவெல்லின் வாழ்வில் பேசாமல் விடக்கூடாத பகுதி ஒன்று உண்டு. 1849-ல் அவர் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நாடார் எனப் பெருமையுடன் விளங்கும் சமுதாயத்தைப் பற்றியது அது. வெளிநாட்டார் மிஷன் பணிக்கு உதவ வேண்டும் என்னும் எண்ணத்தில் எழுதப்பட்ட அந்நூல், அம்மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்திப் பேசியது. அவர்கள் ஈழத்திலிருந்து வந்தவர்கள் என்றும் கூறியது. அம்மக்கள் ஆங்கிலம் கற்று அந்நூலைப் படிக்கத் தொடங்கியபோது மனம் கொதித்தனர். 1880-களில் மறுப்பு நூல்களும் எழுந்தன.

இதில் ஓர் உண்மை உண்டு. அவர்களைப் படிக்க வைத்ததும் அவரே. அவர்கள் படித்து வெகுண்டதும் அவர் எழுதியதையே. நம் பக்கத்துத் திருவிதாங்கூர்ச் சீமையில் அம்மக்களின் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859-ல் அரச அறிவிப்பைப் பெற்ற காலமும் அதுவே. தன்மானம் விழித்துக்கொண்டிருந்த மக்களை ஒரு பார்வையாளரின் பேனா அளந்தது தவறாகப் போயிற்று. என் பாட்டனார் பனையேறியவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தச் சிறு நூலில் சொன்னவற்றை அறிந்தபோது எனக்கும் சினம் வந்தது. ஆயினும் மொழிகளை அளப்பதில் அவ்வளவு கவனம் காட்டியவர், மக்களை அளப்பதில் ஏன் அக்கவனத்தைக் காட்டவில்லை என்று கேட்கும் ஆற்றலை நமக்குத் தந்ததும் கல்விதான். அவரை வணங்குவோரும் இதை மறைக்க வேண்டாம். வெறுப்போரும் ஒப்பிலக்கணத்தை மறுக்க வேண்டாம்.

இடையன்குடி

இடையன்குடி செம்மணல் தேரி சூழ்ந்த பனங்காட்டு ஊர். தண்ணீர் அரிது. அங்கே நேரான தெருக்களை வகுத்தார். கிணறுகள் தோண்டுவித்தார், மரங்கள் நட்டார், பள்ளிகள் வைத்தார். இளமையில் ஓவியம் கற்றது வீண்போகவில்லை. அவரே முன்னின்று எழுப்பிய திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-ல் தொடங்கி, 1880-ல்தான் நிறைவுற்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு கட்டடத்தைப் பொறுமையோடு வளர்த்தவர்தாம் ஒரு நூலையும் முதற்பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்புக்குப் பத்தொன்பது ஆண்டுகள் வளர்த்தார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது மக்களுக்கு உணவளிக்கும் பணியில் ஈடுபட்டார். 1877-ல் கல்கத்தாவில் உதவிப் பேராயராக அபிடேகம் செய்யப்பட்டார். அவரோடு அன்றே அப்பட்டம் பெற்ற மற்றொருவர் எட்வர்டு சார்ஜென்ட். அதே காலத்தில்தான் கொற்கையிலும் காயலிலும் நிலத்தை அகழ்ந்து பாண்டியரின் பழைய துறைமுகத்தைத் தேடினார். கிரேக்கர் எழுதிவைத்த கொல்கை என்னும் ஊர் இதுவே என்பதை நேரில் ஆராய்ந்தார். 1881-ல் அவர் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாற்றைச் சென்னை அரசாங்கமே வெளியிட்டது. ஒரு மாவட்டத்தின் வரலாற்றைக் கல்வெட்டு, பழம்பொருள், அயலார் குறிப்பு எனப் பல சான்றுகளோடு எழுதலாம் என்பதற்கு அது வழிகாட்டியாக அமைந்தது. சாயர்புரத்தில் இருந்த கல்லூரி 1883-ல் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டு, கால்டுவெல் கல்லூரி என்று அவர் பெயரால் விளங்கியது.

இறுதி நாட்கள்

முதுமையில் உடல் தளர்ந்து 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தாயகம் திரும்பவில்லை. கொடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, இடையன்குடியில் தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து, 1899-ல் எலிசா அம்மையாரும் மறைந்து அவருக்கு அருகே துயில் கொண்டார்.

அவர் மறைந்த அதே 1891-ல்தான் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. நம் கல்லூரி விழாக்களில் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுத்தது. திராவிடம் என்னும் சொல் அதில் ஒலிக்கும்போதெல்லாம், அச்சொல்லை மொழிநூல் அரங்கில் ஏற்றியவரை நினைவுகூரலாம். 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2010-ல் இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடும் அரசின் நினைவு இல்லமாக ஆயிற்று.

முடிவுரை

மாணவ நண்பர்களே! சிலைக்கு மாலை சூட்டுவது எளிது. அவர் காட்டிய முறையைப் பின்பற்றுவதே கடினம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் நம்முடையது. தமிழும் மலையாளமும் நம் சந்தைகளில் கைகோத்து நடக்கின்றன. நம் மலைகளில் காணி மக்கள் வாழ்கின்றனர். கடற்கரையில் கரமடி இழுப்போரும், கட்டுமரத்தில் சாளைக்கும் அயலைக்கும் போவோரும் பேசும் சொற்கள் எத்தனை! அக்கானி, பாளை, கலயம், கருப்பட்டி என்று பனைத்தொழில் காத்துவைத்த சொற்கள் எத்தனை! பனையேறுவோர் குறையக் குறைய அச்சொற்களும் குறைகின்றன. விடுமுறையில் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து நூறு சொற்களை எழுதி வைத்தாலும் அது மொழிக்குத் தொண்டே. அச்சொற்களை அண்டை மொழிகளோடு ஒப்பிட்டு, இது உறவா, கடனா, தற்செயலா என்று கேட்போமானால் அது ஆராய்ச்சியும் ஆகும்.

தம் மொழியைத் தாமே உயர்த்திப் பேசுவது இயற்கை. வேற்று நாட்டில் பிறந்த ஒருவர் சான்றுகளை அடுக்கி, இம்மொழி தனித்து நிற்க வல்லது என்று உலகத்தார் முன் சொன்னதால்தான் உலகம் செவிசாய்த்தது. நாமும் சான்றோடு பேசுவோம். சான்றில்லாத புகழ் தமிழுக்கு வேண்டாம். சான்றுள்ள புகழே அதற்குப் போதும்.

வாழ்க தமிழ்!